உலகத்திலேயே மோசமான போட்டோ

போன வாரக் கதையில் போட்டோ ஸ்டுடியோக்காரரை ஆல்பங்களுக்கு நடுவில் தரையில் உட்கார வைத்துவிட்டு நாம் கிளம்பிவிட்டோம். பொழுது விடிந்து, தெருவில் பால் வண்டி போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போன பிறகும் மனிதர் அதே இடத்தில்தான் இருந்தார். மடியில் ஒரு ஆல்பம், முகத்தில் திருடு போன வீட்டுக்காரரின் களை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் குளத்தில் பெயர் விசில் டீச்சர். குழந்தையிலிருந்தே அவளுடைய இடது கன்னம் வலதைவிட ஒரு சுற்று பெரிது. அந்தப் பக்கத்து மேல்தாடை பருத்து, ஈறு தடித்து, முளைக்க வேண்டிய இரண்டு பற்கள் முளைக்காமலே போய்விட்டன. கன்னத்தின் மேல் பூனைமுடி அடர்ந்திருக்கும், நடுவில் தோல் லேசாக வெளிறியிருக்கும். சின்ன வயதில் பார்த்த பல் டாக்டர், "லேட்டா முளைக்கும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். வாலுவும் கவலைப்படவில்லை. விசிலை வலது பக்கம் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குப் பயந்த பிள்ளைகளையெல்லாம் மீன்களாக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சர்ஜன் அவள் வாயைப் பார்த்துவிட்டு, "எலும்பு வளந்துக்கிட்டே போற மாதிரி தெரியுது, அந்தப் பக்கத்துத் தாடையை எடுத்துடறது நல்லது" என்று சொன்னபோதுதான் வீடு ஆடிப்போனது. எடுத்தால் பேச்சு மாறலாம். மாதக்கணக்கில் தண்ணீரில் இறங்க முடியாது. விசிலை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று தாடை டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், படம் எடுத்துப் பார்த்தார். "பயப்படும்படியா ஒண்ணும் இல்ல. ஆனா இது வளந்துக்கிட்டே வருதா, இல்ல சின்ன வயசிலிருந்தே இப்படித்தானான்னு எனக்குத் தெரியணும். வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி பழைய போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க. உங்களுக்கென்ன சார், ஸ்டுடியோவே வச்சிருக்கீங்க!" என்றார்.

ஸ்டுடியோவே வைத்திருந்ததுதான் வினையாகப் போயிற்று.

வீட்டில் வாலுவின் படங்கள் அலமாரி நிறைய இருந்தன. ஆனால் ஒன்றில்கூட வாலு இல்லை. எல்லாப் படத்திலும் முகம் வலது பக்கம் திரும்பியிருந்தது, உதடுகள் ஒட்டியிருந்தன, இடது கன்னம் நிழலில் இருந்தது. நிழல் போதாத இடத்தில் அப்பாவின் தூரிகை வேலை செய்திருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு கேட்கவே வேண்டாம், கன்னத்தைச் செதுக்கி, பூனைமுடியை வழித்து, வெளிறிய தோலுக்கு நிறம் கொடுத்து, அசலின் மேலேயே சேமித்துவைத்திருந்தார். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவாவது உதவுமா என்று பார்த்தால், அதற்கும் இவர்தான் காண்ட்ராக்ட். அங்கே வாலு ஒரு நெட்டைப் பையனின் தோளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தாள்.

"அப்பா, எழுந்திரிங்க. எத்தனை தடவை புரட்டினாலும் அதுல இருக்கிறது வேற யாரோ பொண்ணு," என்றாள் வாலு, பல் துலக்கிக்கொண்டே.

"நல்லா இருக்கணும்னுதாம்மா செஞ்சேன்."

"நல்லாத்தான் இருக்கா. அவளுக்கு ஆபரேஷனே தேவையில்ல. நீங்கதான் எப்பவோ முடிச்சுட்டீங்களே!"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தெருவில் உள்ளவர்களின் பருவையும் தழும்பையும் அழித்துக் கொடுத்துக் கைதட்டல் வாங்கிய கை, பெற்ற மகளின் முகத்தையே அழித்துவைத்திருந்தது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உங்க அக்கா ஒண்ணு எடுத்தாங்களே, அது?"

அவ்வளவுதான் சொன்னாள். மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

ஸ்டுடியோக்காரருக்கு அந்தப் போட்டோ மறக்குமா? வாலுவுக்கு ஏழு வயது இருக்கும்போது, யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவில் அக்கா எடுத்தது. எடுத்ததோடு நிற்காமல் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் சலவைக்கடையில் மாட்டிவிட்டாள். அதைப் பார்த்த அன்று இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "என் பொண்ணைக் கடையில தொங்கவிட்டு வேடிக்கை காட்டறியா?" என்று கத்தினார். அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. "ஊர்ப்பட்ட பிள்ளைங்க எல்லாம் உன் கடை கண்ணாடிக்குள்ள சிரிக்குது. உன் பிள்ளை எங்கடா?" என்று மட்டும் கேட்டாள். இவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். வெளியேறியவர் வெளியேறியவர்தான். மகளையும் அந்தப் பக்கம் விடவில்லை.

"அந்த போட்டோ வேண்டாம். அதைவிட மோசமா உலகத்துல யாரும் போட்டோ எடுக்க முடியாது," என்றார்.

"அதான் வேணும். கிளம்புங்க," என்றாள் வாலு.

சலவைக்கடை வாசலில் நீராவியும் சோப்பு வாசனையும் எதிர்கொண்டு அழைத்தன. அட்டைச்சீட்டு குத்திய கோட்டுகளும் புடவைகளும் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகத் தொங்க, அவற்றின் நடுவில் அக்கா ஒரு பேன்ட்டின் மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உதட்டில் ஒரு சேஃப்டி பின். தம்பியைப் பார்த்ததும் பின்னை எடுத்தாள்.

"என்ன, கோட்டு துவைக்கணுமா?"

இத்தனை வருஷம் கழித்து முதல் வார்த்தை இதுதான். ஸ்டுடியோக்காரர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வசனம் முழுக்க நீராவியோடு போய்விட்டது.

"அத்தை!" என்று வாலு கல்லாவைச் சுற்றி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி சூடு என்று சாக்குச் சொல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பிய இடத்தில், கல்லாவுக்கு மேலே, அந்தப் போட்டோ.

ஸ்டுடியோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஆண்டவனே, அதே அலங்கோலம்தான். அடிவானம் சரிந்து கிடந்தது. உச்சந்தலை சட்டத்துக்கு வெளியே. கீழ் மூலையில் அக்காவின் கட்டைவிரல் வாழைப்பழம் போல விழுந்திருந்தது. பக்கவாட்டில் அடித்த வெயிலில் கன்னத்துப் பூனைமுடி ஒவ்வொன்றும் பொன் கம்பியாக மின்னியது. நடுவில், கடைவாய் வரைக்கும் வாயைத் திறந்து, தடித்த ஈறும் பல் இல்லாத இடைவெளியும் தெரிய, கண்ணில் நீர் வரும்படி சிரித்துக்கொண்டிருந்தாள் அவருடைய மகள்.

கை பரபரத்தது. அடிவானத்தை நேராக்க வேண்டும், விரலை வெட்ட வேண்டும் என்று பழக்கம் பிடுங்கியது. அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். தன்னிடம் இப்படி ஒரு படம்கூட இல்லையே என்று முதன்முதலாகப் பொறாமையாக இருந்தது.

"அக்கா, அந்த போட்டோ வேணும்," என்றார். தாடை டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். தன் ஆல்பங்களின் லட்சணத்தையும் சொன்னார். சொல்லும்போது கல்லா மேஜையைத்தான் பார்த்தார்.

அக்கா குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள். தம்பி இரண்டு கையையும் நீட்டினார்.

"ஐயோ, ஆசையைப் பாரு! உன் கையில குடுத்தா விரலை வெட்டிடுவே. போட்டோ எங்க போகுதோ நானும் அங்க வருவேன்," என்றாள். ஒரு கோட்டின் பிளாஸ்டிக் உறையை உருவி, சட்டத்துக்கு மாட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடையைப் பூட்டினாள். வாலு முன்னால் நடந்தாள். போகிற வழி முழுக்க அத்தையும் மருமகளும் பேசிக்கொண்டே போனார்கள், தம்பி கேமராப் பையோடு பின்னால் வந்தார்.

தாடை டாக்டரம்மா உறையைப் பிரித்தார். பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"யாரு எடுத்தது இதை?"

"நான்தான், தெரியாம எடுத்துட்டேன்," என்றாள் அக்கா, குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் போல.

"பிரமாதம்! எனக்கு வேணுங்கிறது எல்லாம் இருக்கு. ஈறு தெரியுது, பல் இல்லாத இடம் தெரியுது, கன்னத்து முடிகூடத் தெரியுது. நான் சொல்லி எடுத்திருந்தாக்கூட இவ்வளவு சரியா வந்திருக்காது."

அக்கா தம்பியைப் பார்த்த பார்வையை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை.

"இப்ப இதே மாதிரி இன்னைக்கு ஒண்ணு எடுக்கணும். அதே பக்கத்து வெளிச்சம், தலை அதே சாய்வு, இதே மாதிரி வாய் திறந்த சிரிப்பு. ரெண்டையும் பக்கத்துல வச்சு அளந்து பாத்துடலாம். சார், உங்க கேமரா இருக்கில்ல?"

ஸ்டுடியோக்காரருக்கு உயிர் வந்தது. இது அவர் தொழில். மகளை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். திரையை ஒதுக்கினார், வெயில் இடது கன்னத்தில் விழுந்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

வாலுவின் முகம் வலது பக்கம் திரும்பியது. உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"இப்படி இல்லம்மா. வாயைத் திறந்து சிரி."

"சரிப்பா." கேமரா மேலே ஏறியது. முகம் திரும்பியது. உதடுகள் மூடிக்கொண்டன.

"வாலு..."

"நான் வேணும்னு பண்ணலப்பா! நீங்க அதைத் தூக்கினாலே தானா வந்துடுது."

அவள் சொன்னது உண்மை. குளத்தங்கரையில் நாள் முழுக்க வாயை மூடாமல் கத்துகிற, சிரிக்கிற பெண். கேமராவின் கண்ணாடி எதிரே வந்ததும், யாரோ பொத்தானை அமுக்கியது போல மூடிக்கொண்டாள். "முகத்தை அப்படித் திருப்பும்மா, வாயை மூடு, லேசா புன்னகை, அவ்வளவுதான்" என்று அவர் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கியதுதான். ஒரு நாளும் அவர் அதட்டியதில்லை. கொஞ்சிக் கொஞ்சித்தான் சொல்லிக்கொடுத்தார். அதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வ்யூஃபைண்டருக்குள் மகள் கலங்கித் தெரிந்தாள்.

ஜோக் சொல்லிப் பார்த்தார். ஸ்டுடியோவில் குழந்தைகளுக்குக் காட்டும் வாத்துச் சத்தம் போட்டுப் பார்த்தார். டாக்டரம்மாதான் சிரித்தார், வாலுவின் உதடு அசையவில்லை. போகப்போக அவள் கண்ணிலும் பயம் தட்டியது. இந்த ஒரு படம் வராவிட்டால் தாடையின் கதி என்ன என்று அவளுக்கும் தெரியும்.

ஸ்டுடியோக்காரர் கேமராவை இறக்கினார். "அக்கா, அன்னைக்கு இவளை எப்படி சிரிக்க வச்சே?"

"நான் எங்கடா சிரிக்க வச்சேன்? எனக்கு அந்தக் கருமத்தைப் பிடிக்கவே தெரியல. அதைப் பாத்துத்தான் அவ சிரிச்சா."

அவர் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினார். இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேமராவை இதுவரை வேறு கை தொட்டதில்லை. கட்டின மனைவிகூடத் தூசி தட்ட அனுமதி வாங்க வேண்டும். அதை அவர் அக்காவின் கையில் வைத்தார்.

"நீ எடு."

"அடப்பாவி, விழுந்து உடைஞ்சா?"

"உடையட்டும். எடு."

அக்கா வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்குவது போல கேமராவைத் தூக்கினாள். ஒரு கண்ணை மூட முயன்று இரண்டையும் மூடினாள். திறந்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். தம்பியோ, கொடுக்கும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று பழக்கதோஷத்தில் லென்ஸுக்கு மூடியைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"என்னடா இது, ஒண்ணுமே தெரியல? ஒரே இருட்டா இருக்கு. டாக்டர், இந்த ரூம்ல கரண்ட் போயிடுச்சா?"

வாலு ஒரு நொடி தாக்குப்பிடித்தாள். மூக்கு விடைத்தது, தோள் குலுங்கியது. "அத்தை... மூடி... மூடியைக் கழட்டுங்க!" என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்புறம் மூடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்கா பதறிப்போய் மூடியைப் பிடுங்கி, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். படபடபடவென்று கேமரா பொரிந்து தள்ளியது.

"ஐயோ, நிக்க மாட்டேங்குதே! டேய், இதை நிறுத்துடா!"

அவர் நிறுத்தவில்லை. சுவரில் சாய்ந்து, மகளைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சட்டத்தில் இருந்ததை ஸ்கேன் செய்து, இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு கோடு, மூக்கிலிருந்து கன்னத்துக்கு ஒரு கோடு, ஈறின் ஓரமாக ஒரு கோடு. அளந்தார், கணக்குப் போட்டார், திரும்பவும் முதலிலிருந்து அளந்தார். வாலு ஒரு கையால் அப்பாவையும் மறு கையால் அத்தையையும் பிடித்திருந்தாள்.

"முகம் வளந்த அளவுக்குத்தான் இதுவும் வளந்திருக்கு," என்றார் டாக்டரம்மா. "அதுக்கு மேல ஒரு இம்மிகூட இல்ல. அப்ப ரெண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசமோ, இப்பவும் அதே வித்தியாசம்தான். ரெண்டு போட்டோவையும் ஒப்பிட்டா, அந்தக் கட்டைவிரல் மட்டும்தான் கொஞ்சம் பருத்திருக்கு."

அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப... எடுக்க வேண்டாமா?" ஸ்டுடியோக்காரரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்கு எடுக்கணும்? இது கட்டி இல்ல. தாடை உருவாகும்போதே ஒரு பக்கம் கொஞ்சம் வேற மாதிரி உருவாகிடுச்சு. பல் இல்லாதது, ஈறு தடிச்சது, கன்னத்துல முடி, வெளிறின தோல், எல்லாம் ஒரே குடும்பம். ரொம்ப அபூர்வம். நான் புஸ்தகத்துல படிச்சதோட சரி, நேர்ல இவங்கதான் முதல். ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. யாரும் எதையும் தப்பா சாப்பிட்டோ, தப்பா செஞ்சோ வந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. அப்பப்ப வந்து காட்டட்டும். ஈறைக் கொஞ்சம் சரிபண்ணி, அந்த இடைவெளிக்குப் பல் வச்சுக்கணும்னா வச்சுக்கட்டும். அது அவங்க இஷ்டம்."

"இதுக்குப் பேர் இருக்கா டாக்டர்?" என்றாள் வாலு.

"செக்மென்டல் ஓடோன்டோமாக்ஸிலரி டிஸ்பிளேசியா."

"யம்மாடி!" என்றாள் அக்கா. "வாலுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

வாலு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். கழுத்தில் தொங்கிய விசிலை வலது கடைவாயில் கடித்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஒரு ஊது ஊதினாள். வெளியே காத்திருந்த யாரோ ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஸ்டுடியோக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி "என்னாச்சு?" என்று கேட்டதும் இவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வாலு போனைப் பிடுங்கி, "அம்மா, தாடை தப்பிச்சுது!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டது. எல்லாம் அடங்கிய பிறகு, "அண்ணி அங்கதான் இருக்காங்களா? அவங்ககிட்ட குடு," என்றாள் அம்மா.

ஸ்டுடியோக்காரருக்குத் திக்கென்றது. தன் வீம்பினால் இத்தனை வருஷம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பெண்கள். எப்படி ஆரம்பிப்பார்களோ, எந்தப் பழைய பேச்சு கிளம்புமோ என்று நகத்தைக் கடித்தார். நடுவில் புகுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுகூடத் தயாரானார்.

அக்கா போனைக் காதில் வைத்தாள். "ஆமாம்மா... நான்தான் எடுத்தேன்... ஆமா, இதுலயும் விரல் விழுந்திருக்கு... சீ, அழாதே. நான்தான் சொன்னேன்ல, அவனே வருவான்னு... சரி, வச்சுடறேன். வழக்கம்போல வியாழக்கிழமை வந்துடு, உக்காந்து பேசலாம்."

போனைத் தம்பியிடம் நீட்டிவிட்டு, சட்டத்துக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுவதில் மும்முரமாகிவிட்டாள்.

"வழக்கம்போலவா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மகளைத் திரும்பிப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்கப்பா, சத்தியமா எனக்கும் இப்பத்தான் தெரியும்," என்றாள் வாலு, சிரிப்பை அடக்க முடியாமல். போனைக் காதுக்குக் கொண்டுபோனார். "வீட்டுக்கு வாங்க, சொல்றேன்," என்று சொல்லி மனைவி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை. அது அவள் தையல் வகுப்புக்குப் போகிற நாள். மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் தவறவிடமாட்டாள். இத்தனை வருஷத் தையலில் வீட்டுக்கு ஒரு தலையணை உறைகூட வந்து சேரவில்லை என்பது ஸ்டுடியோக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.